மழைக்குட்டையில் வளரும் தேவதை இறால்

ஐப்பசி மாதத்தில் இரண்டு நல்ல மழை பெய்துவிட்டால் ஆவடி, பட்டாபிராம், அயப்பாக்கம், பூந்தமல்லி, திருமழிசை ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள பள்ளங்களில் தண்ணீர் தேங்கிவிடும். செங்கல்லுக்கு மண் எடுத்த குழி, பயிர் வைக்காமல் கிடக்கும் தரிசு, மனையாகப் பிரித்துக் கல் நட்டுவிட்டு வீடு கட்டாமல் விட்ட இடம் என்று பல வகைப் பள்ளங்கள். கோடையில் இங்கெல்லாம் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஆனால் மழை விழுந்து பத்துப் பதினைந்து நாள் கழித்து, அதே பள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து தண்ணீரைக் கூர்ந்து பார்த்தால், ஒரு விரற்கடை நீளத்தில், கண்ணாடி போன்ற உடலுடன், மல்லாந்தபடியே நீந்தும் உயிர்களைக் காணக் கூடும்.

சிறுவர்கள் இவற்றை மீன்குஞ்சு என்பார்கள். பெரியவர்கள் இறால் குஞ்சு என்பார்கள். இரண்டும் அல்ல. ஆங்கிலத்தில் ஃபேரி ஷ்ரிம்ப் என்று அழைக்கப்படும் இந்த உயிரைத் தமிழில் தேவதை இறால் எனலாம். இறால், நண்டு ஆகியவற்றுக்குத் தூரத்து உறவு, அவ்வளவுதான். சென்னைச் சுற்றுப்புற மழைக்குட்டைகளில் வாழும் இனத்திற்கு ஸ்ட்ரெப்டோசெபாலஸ் டைகோடோமஸ் என்று பெயர். 1860 ஆம் ஆண்டில் வில்லியம் பேர்ட் என்ற பிரிட்டிஷ் அருங்காட்சியக விலங்கியல் அறிஞர் இந்தியாவிலிருந்து கிடைத்த மாதிரிகளைக் கொண்டு இப்பெயரைச் சூட்டினார். முதற்சொல்லுக்கு முறுக்கிய தலை என்றும், இரண்டாவது சொல்லுக்கு இரண்டாகப் பிரிந்தது என்றும் பொருள்.

பெயர் வாயில் நுழையாவிட்டாலும் இந்த உயிரைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. கொளத்தூர், வில்லிவாக்கம் தொடங்கி அம்பத்தூர், செங்குன்றம் வரையில் வண்ண மீன் வளர்ப்பைத் தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் பல உள்ளன. அவர்களுக்கு ஆண்டு முழுவதும் உள்ள பெருங்கவலை, பொரித்த குஞ்சுகளுக்கு உயிருள்ள தீனி தேடுவது. சாக்கடைக் கால்வாய்ச் சேற்றில் அரித்தெடுக்கும் டியூபிஃபெக்ஸ் புழு, அந்தச் சேற்றில் உள்ள கிருமிகளையும் சேர்த்தே தொட்டிக்குக் கொண்டுவருகிறது. அமெரிக்காவின் பெரும் உப்பு ஏரியிலிருந்து வரும் ஆர்ட்டீமியா முட்டை டப்பா ஒன்றின் விலை சில ஆயிரம் ரூபாய். இந்த நிலையில், வீட்டுக்குப் பின்னால் உள்ள பள்ளத்து மண்ணிலேயே ஒரு தீனி உறங்கிக் கிடக்கிறது என்றால், அதைப் பற்றி நாலு விஷயம் அறிவது வீண் வேலை ஆகாது.

உடல் அமைப்பு

வளர்ந்த தேவதை இறால் ஒன்றரை முதல் இரண்டரை சென்டிமீட்டர் நீளம் இருக்கும். சாதாரண இறாலுக்கு உள்ளது போல முதுகை மூடும் ஓடு இதற்குக் கிடையாது. இது சேர்ந்த வரிசைக்கு அனோஸ்ட்ராகா, அதாவது ஓடற்றவை என்று பெயர் வந்ததும் இதனால்தான். ஓடு இல்லாததால் குடலில் பச்சையாக நிற்கும் உணவு, முதுகுப்புறம் நீளவாட்டில் துடிக்கும் குழாய் போன்ற இருதயம் ஆகியவற்றை ஒரு பூதக்கண்ணாடியால் வெளியிலிருந்தே பார்க்கலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு உயிரியல் பாடம் நடத்த இதைவிடச் சுலபமான உயிர் கிடைப்பது அரிது.

உடல் தலை, மார்பு, வயிறு என மூன்று பகுதிகளாக உள்ளது. தலையின் இருபுறமும் காம்பின் நுனியில் கருமணி போன்ற கூட்டுக் கண்கள் நீட்டிக்கொண்டிருக்கும். இவை தவிர நெற்றி நடுவில் ஒரு சிறு கண்ணும் உண்டு. குஞ்சாகப் பொரிந்தபோது இருந்த ஒரே கண் அதுவே. உணர்கொம்புகள் இரண்டு ஜோடி. முதல் ஜோடி மெல்லிய இழை. இரண்டாவது ஜோடியில்தான் ஆண், பெண் வேறுபாடு தெரிகிறது. பெண்ணுக்கு அது தட்டையான சிறு இலை போல இருக்கும். ஆணுக்கோ நீண்டு, மடங்கி, நுனியில் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்தது போன்ற ஒரு பிடிப்பானாக மாறியிருக்கும். இணை சேரும்போது பெண்ணை இறுகப் பற்றிக்கொள்ளவே இந்த ஏற்பாடு. ஒவ்வோர் இனத்திலும் இந்த விரல்களின் வடிவம் வேறுபடும். ஆகவே இனத்தை அடையாளம் காண விரும்புவோர் ஆணின் தலையைத்தான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கிறார்கள். 1906 இல் கர்னி என்பவர் விவரித்த ஸ்ட்ரெப்டோசெபாலஸ் சிம்ப்ளெக்ஸ் போன்ற வேறு இனங்களும் இந்தியாவில் இருப்பதால், வெறுங்கண்ணால் பார்த்து இன்ன இனம் என்று சொல்லிவிட முடியாது.

மார்பில் 11 ஜோடிக் கால்கள். இவற்றைக் கால்கள் என்பதைவிட இலைகள் என்பதே பொருந்தும். தட்டையாக, மெல்லியதாக, ஓரமெங்கும் சீப்பின் பற்களைப் போல நுண்ணிய மயிர்கள் நிறைந்தவை. முன்னும் பின்னுமாக அலை அலையாக இவை ஓயாமல் அசைந்துகொண்டே இருக்கும். இந்த ஓர் அசைவினால் மூன்று காரியங்கள் நடக்கின்றன. உடல் முன்னே நகர்கிறது. கால்களின் மெல்லிய தோல் வழியாக நீரில் கரைந்த பிராணவாயு இரத்தத்தில் சேர்கிறது. நீரில் மிதக்கும் பாசித் துகளும் நுண்ணுயிர்களும் மயிர்களில் வடிகட்டப்பட்டு, இரு வரிசைக் கால்களுக்கும் நடுவே உள்ள வாய்க்கால் போன்ற பள்ளத்தில் சேர்ந்து, வாயை நோக்கித் தள்ளப்படுகின்றன. கால் நின்றால் நடையும் நின்றது, மூச்சும் நின்றது, சாப்பாடும் நின்றது.

மார்பை அடுத்த இரண்டு கண்டங்களில் இனப்பெருக்க உறுப்புகள் உள்ளன. பெண்ணுக்கு இங்கே ஒரு முட்டைப் பை தொங்கும். அதற்குள் பழுப்பு நிற முட்டைகள் உருள்வது வெளியில் தெரியும். அதன்பின் கால்களற்ற நீண்ட வயிறும், கடைசியில் கவடு போலப் பிரிந்த வாலும். வால் கவடு பலவற்றில் ஆரஞ்சு அல்லது சிவப்பு நிறமாக இருக்கும். குட்டை நீரில் பிராணவாயு குறைந்துபோனால் உடல் முழுவதும் லேசாகச் செம்மை பூக்கும். நம் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் இதன் இரத்தத்திலும் இருப்பதே காரணம்.

மல்லாந்து நீந்துவது ஏன்? வயிற்றுப் புறத்தை வெளிச்சம் வரும் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொள்வது இதன் இயல்பு. வெளிச்சம் மேலிருந்து வருவதால் வயிறு மேலே பார்க்கிறது. இருட்டறையில் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் இதை விட்டு, கீழிருந்து டார்ச் விளக்கு அடித்தால் குப்புறத் திரும்பிக்கொள்ளும்.

முட்டையில்தான் சூட்சுமம்

தேவதை இறாலின் வாழ்நாள் ஓரிரு மாதம்தான். குட்டை வற்றினால் ஒன்றுகூட மிஞ்சாது. அப்படியானால் அடுத்த மழையில் மீண்டும் எங்கிருந்து வருகிறது? வானத்திலிருந்து மழையோடு விழுகிறது என்று நம்பியவர்களும் உண்டு. உண்மையில் அது காலடி மண்ணிலேயே இருக்கிறது.

பெண் இறால் சில நாள்களுக்கு ஒருமுறை நூற்றுக்கணக்கில் முட்டைகளை இட்டு அடித்தரையில் விடுகிறது. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழக் கால் பங்கு. மணல் பரலுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. முட்டை என்று சொன்னாலும், உள்ளே கரு ஓரளவு வளர்ந்து, ஒரு கட்டத்தில் அப்படியே நின்றுவிட்டிருக்கும். மேலே உறுதியான பல அடுக்கு ஓடு. தண்ணீர் வற்றும்போது கருவில் உள்ள ஈரமும் ஏறக்குறைய முழுவதும் போய்விடுகிறது. ஆனால் உயிரணுக்கள் நொறுங்குவதில்லை. டிரெஹலோஸ் என்னும் ஒரு வகைச் சர்க்கரை, நீர் இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு அணுக்களின் சுவர்களைத் தாங்கி நிற்கிறது. சித்திரை வெயிலில் கட்டாந்தரை கொதித்தாலும், மாடு மிதித்தாலும், காற்றில் புழுதியாகப் பறந்தாலும் முட்டைக்குப் பெரிய சேதமில்லை. இந்த நிலையில் பல ஆண்டுகள் கிடக்க வல்லது.

மழை நீர் பட்டதும் 24 முதல் 48 மணி நேரத்தில் முட்டை பொரிகிறது. ஆனால் ஈரம் பட்டால் மட்டும் போதாது. நீரில் உப்பு குறைவாக இருக்க வேண்டும்; வெளிச்சமும் பிராணவாயுவும் வேண்டும். புதிதாகப் பெய்த மழைநீரில் உப்பு மிகக் குறைவு. நாள் ஆக ஆக நீர் ஆவியாகி, உப்பு ஏறும். ஆகவே புது வெள்ளத்தில் பொரியும் முட்டை, வற்றப்போகும் குட்டையின் கலங்கல் நீரில் பொரிவதில்லை. பொரிந்தால் வளர நாள் இருக்காது என்பதை அறிந்தது போல அடங்கிக் கிடக்கிறது.

இதைவிடக் கவனிக்கத்தக்கது மற்றொன்று. ஒரு மழைக்கு எல்லா முட்டைகளும் பொரிவதில்லை. ஒரு பகுதி மட்டுமே பொரியும். மீதி அடுத்த மழைக்கோ, அதற்கடுத்த ஆண்டுக்கோ காத்திருக்கும். வைகாசியில் ஒரு கோடை மழை கொட்டிப் பள்ளம் நிரம்புகிறது. ஐந்தாம் நாள் காய்ந்துவிடுகிறது. பொரிந்தவை அத்தனையும் மடியும். ஆனால் இனம் அழியாது, மண்ணில் மிச்சம் இருக்கிறது. மானாவாரி விவசாயி முதல் மழையை நம்பி விதை முழுவதையும் விதைத்துவிடாமல், மறு விதைப்புக்குக் கொஞ்சம் எடுத்து வைப்பதற்கும் இதற்கும் அதிக வேறுபாடில்லை.

பொரிந்த குஞ்சு ஆரஞ்சு நிறத் துகள் போல இருக்கும். ஒரே கண், மூன்று ஜோடிக் கால்கள். பலமுறை தோல் உரித்து, ஒவ்வொரு முறையும் உடலில் புதுக் கண்டங்களைச் சேர்த்துக்கொண்டு, நம் வெப்பநிலையில் இரண்டு வாரத்தையொட்டி முட்டையிடும் பருவத்தை எட்டுகிறது. இந்த வளர்ச்சியைப் படிப்படியாக விவரித்து ரீட்டா பெர்னிஸ் என்ற ஆராய்ச்சியாளர் 1972 ஆம் ஆண்டிலேயே கட்டுரை வெளியிட்டிருக்கிறார்.

எங்கே இருக்கும், எங்கே இருக்காது

செம்பரம்பாக்கம், அம்பத்தூர், பருத்திப்பட்டு போன்ற ஏரிகளில் தேவதை இறாலைத் தேடிப் பயனில்லை. காரணம் மீன். ஓடும் இல்லை, முள்ளும் இல்லை, வேகமும் இல்லை. மீன் உள்ள நீரில் இது ஒரு நாள் தாங்குவதே பெரிது. ஆகவே ஆண்டுதோறும் வற்றி, மீன் தங்க வழியில்லாத பள்ளங்களே இதற்குப் புகலிடம். ஒரு முழம் ஆழமுள்ள கலங்கலான செம்மண் குட்டை மிகவும் ஏற்றது. கலங்கல் நீர் கொக்கின் கண்ணிலிருந்தும் மறைக்கிறது.

அங்கும் காலம் குறுகியதே. முதல் இரண்டு மூன்று வாரம் குட்டையில் இதன் ராஜ்யம். பிறகு தும்பியின் இளம்புழுக்களும் மல்லாந்து நீந்தும் நீர்ப்பூச்சிகளும் பெருகி இரையாக்கத் தொடங்கும். கார்த்திகை அடைமழையில் ஏரி மறுகால் பாய்ந்து பள்ளமும் வாய்க்காலும் ஒன்றாகிவிட்டால் குறவை, கெளுத்தி, ஜிலேபி எல்லாம் உள்ளே வந்துவிடும். அந்த ஆண்டுக் கதை அதோடு முடிந்தது.

முட்டை ஊர் விட்டு ஊர் போவது காற்றாலும், மாட்டின் குளம்பில் ஒட்டிய சேற்றாலும், நீர்ப்பறவைகளாலும். பறவையின் வயிற்றில் சென்று எச்சத்தில் வெளிவந்தாலும் முட்டை பிழைத்திருக்கும். மேய்ச்சல் மாடுகள் குறைந்து, பள்ளத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே மதில்கள் எழுந்துவிட்ட பகுதிகளில் இந்தப் போக்குவரத்தும் குறைந்துவிடுகிறது.

மேற்குப் புறநகரின் நிலை இதுதான். 1964 இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை வந்தது. அம்பத்தூர் 2011 இல் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. ஆவடி 2019 இல் தனி மாநகராட்சியானது. ஏரிகளைக் காக்க வேண்டும் என்று பேச இப்போது ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் பட்டாவில் தரிசு என்று எழுதப்பட்ட ஒரு முழ ஆழப் பள்ளத்துக்குப் பரிந்து பேச யாரும் இல்லை. கட்டட இடிபாடுகளைக் கொட்டி அதை நிரப்பும்போது, பல ஆண்டு முட்டைச் சேமிப்பும் அடியில் புதைகிறது. வெளிச்சம் படாத முட்டை பொரியாது. கழிவுநீர் கலந்தால் உப்பு ஏறி, அப்போதும் பொரியாது. கலிபோர்னியாவில் இதன் உறவினமான ஒரு தேவதை இறால் 1994 ஆம் ஆண்டில் அழிவை நோக்கும் உயிர்களின் சட்டப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அது வாழும் மழைக்குட்டைகளின் மேல் கட்டடம் கட்ட அங்கே தனி அனுமதி பெற வேண்டும். இங்கே அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், ஊருக்கு ஒரு பள்ளமாவது மண் கொட்டாமல் விட்டால் நல்லது.

கொசு வளரும் என்ற பயத்தில் தேங்கிய நீரிலெல்லாம் கம்பூசியா மீனை விடும் வழக்கம் இருக்கிறது. டெங்கு பரப்பும் கொசு பெரும்பாலும் வளர்வது மூடாத தொட்டி, பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை ஆகியவற்றில். முதலில் கவனிக்க வேண்டியது அவற்றைத்தான். கம்பூசியாவைக் கிணற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். தேவதை இறால் கொசுப்புழுவைத் தின்னும் என்று சொல்வதும் சரியல்ல. அது வடிகட்டித் தின்னும் உயிர். புழுவைப் பிடிக்க அதற்கு வாயில்லை.

நெல் விவசாயிகளுக்கு ஒரு வார்த்தை. வயலில் நீர் கட்டியதும் இவ்வுயிர் தென்பட்டால் பூச்சி என்று எண்ணி மருந்து தெளிக்க வேண்டாம். பயிரை இது தொடுவதில்லை. இதன் உறவினமான டிரையாப்ஸ், தலைப்பிரட்டை போன்ற உருவமும் கேடயம் போன்ற ஓடும் உடையது. கலிபோர்னியாவின் நேரடி விதைப்பு வயல்களில் அது இளம் நாற்றைக் கிளறிச் சேதப்படுத்துகிறது. அதே உயிரை ஜப்பானில் களை எடுக்கும் வேலையாளாகக் கருதுகிறார்கள். தேவதை இறாலிடம் இந்த இரண்டு குணமும் இல்லை.

மீன் தீனியாக

சென்னைப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறையில் முனுசாமியும் அவருடைய மாணவர்களும் இந்த இனத்தைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்துள்ளனர். ஓடு நீக்கிய முட்டையும் வளர்ந்த இறாலும் வண்ண மீன்களுக்கு ஏற்ற தீனி என்பதை அவர்களுடைய ஆய்வுகள் காட்டியுள்ளன. உலர் எடையில் பாதிக்கு மேல் புரதம். மீனுக்குச் சிவப்பும் மஞ்சளும் ஏற்றும் கரோட்டினாய்டு நிறமிகளும் உண்டு. ஆர்ட்டீமியா உப்பு நீர் உயிர். நன்னீர்த் தொட்டியில் விட்டால் சில மணி நேரத்தில் செத்துத் தண்ணீரைக் கெடுக்கும். தேவதை இறாலோ மீன் தின்னும் வரையில் உயிரோடு நீந்திக்கொண்டிருக்கும். தாய்லாந்து இதில் முந்திக்கொண்டது. 2000 ஆம் ஆண்டில் அந்நாட்டு இளவரசியின் பெயரால் ஸ்ட்ரெப்டோசெபாலஸ் சிரிந்தோர்னே என்று பெயரிடப்பட்ட இனத்தை அங்கே வளர்த்து மீன் தீனியாக விற்கிறார்கள். வடகிழக்குத் தாய்லாந்துக் கிராமங்களில் தேவதை இறாலை மனிதரே சமைத்து உண்பதும் உண்டு.

வீட்டளவில் முயல விரும்புவோர் பங்குனி, சித்திரை மாதங்களில் காய்ந்த குட்டையின் மிகத் தாழ்ந்த பகுதியிலிருந்து மேல்மண்ணை மட்டும், ஒரு விரல் பருமனுக்குச் சுரண்டி எடுக்க வேண்டும். நாலைந்து இடத்தில் ஒவ்வொரு கைப்பிடி போதும். குட்டையை வழித்தெடுத்தால் அடுத்த ஆண்டு நமக்கும் இல்லை, குட்டைக்கும் இல்லை. சாக்கடை கலக்கும் பள்ளத்து மண் கூடாது.

அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் மண்ணை மெல்லிய படலமாகப் பரப்பி, ஒரு சாண் உயரம் மழைநீர் விட்டு, வெளிச்சமான நிழலில் வைக்க வேண்டும். மாடியில் பிடித்த மழைநீரே சிறந்தது. ஆவடி, அம்பத்தூர்ப் பகுதியின் உப்பேறிய ஆழ்குழாய் நீரில் முட்டை சரியாகப் பொரியாது. குழாயில் வரும் குடிநீரானால் குளோரின் போக இரண்டு நாள் திறந்து வைத்துப் பிறகு ஊற்றலாம். இரண்டாம் நாள் மாலை டார்ச் விளக்கைத் தொட்டியின் ஓரத்தில் காட்டினால், பொரிந்த குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கித் திரண்டு வரும். ஒன்றும் தென்படாவிட்டால் மண்ணை நிழலில் நன்கு காயவைத்து, சில வாரம் கழித்து மீண்டும் நனைக்க வேண்டும். முதல் முறை பொரியாதது இரண்டாம் முறை பொரிவதுண்டு.

குஞ்சுகளை வேறு தொட்டிக்கு மாற்றிப் பச்சைப் பாசி நீர் கொடுக்கலாம். கடலைப் பிண்ணாக்கு ஊறிய நீரைச் சிறிது விட்டு ஒரு தொட்டியை வெயிலில் வைத்தால் ஒரு வாரத்தில் பாசி நீர் தயார். முழங்கை ஆழத்தில் உள்ளங்கை மங்கலாகத் தெரியும் அளவு பச்சை போதும். அதற்கு மேல் போனால் இரவில் பிராணவாயு குறைந்து இறால் சாகும். பாசி கிடைக்காத நாளில் ரொட்டி ஈஸ்டைச் சிட்டிகை அளவு கரைத்து விடலாம். காற்றுக் குழாயைப் பெருங்குமிழ் வராமல் மெதுவாக வைக்க வேண்டும். மயில்துத்தம் முதலிய தாமிர மருந்து பட்ட பாத்திரத்தை உபயோகிக்கக் கூடாது. ஒரு துளி மிச்சமிருந்தாலும் விடிவதற்குள் தொட்டி காலியாகிவிடும்.

அன்று பொரிந்த குஞ்சு, ஃபைட்டர், கௌராமி போன்ற மீன்களின் சிறு குஞ்சுகளுக்கு. இரண்டு வாரம் வளர்ந்தது, ஏஞ்சல், தங்கமீன் போன்றவற்றுக்கு. எல்லாவற்றையும் தீனியாகப் போட்டுவிடாமல், முட்டைப் பை நிறைந்த பெண்களையும் அவற்றுடன் சில ஆண்களையும் தனித் தொட்டியில் விட்டு வைக்க வேண்டும். சில நாள்களில் அடியில் பழுப்புத் தூளாக முட்டை படியும். அதை வேட்டித் துணியில் வடிகட்டி, நிழலில் உலர்த்தி, காகிதப் பொட்டலமாகக் கட்டி, எடுத்த குட்டையின் பெயரையும் தேதியையும் மேலே எழுதி, ஈரம் படாத டப்பாவில் போட்டு வைக்கலாம். பொட்டலம் கட்டும்போதே ஒரு கைப்பிடி முட்டை மண்ணைத் தனியே எடுத்து, மண் தோண்டிய அதே குட்டையில் ஆடி மாதத்துக்குள் தூவிவிட வேண்டும்.